மண்ணுக்கு உரியவர் யார்?

1867இல் தெல்தோட்டைக்குப் பக்கத்திலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையில் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிடப்பட்டதன் தொடக்கம் அதுதான். கங்காணிமார் தென்னிந்தியாவிலிருந்து திரட்டி வந்த தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில்தான் மலைநாட்டுத் தோட்டங்கள் வளர்ந்தன. அதே ஆண்டு அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன: நேற்றுவரை அடிமையாயிருந்தவன் இன்று இந்நாட்டுக் குடிமகனா?

பத்தாண்டுக்கு முன் அந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருந்தது. விடுதலை கேட்டு வழக்காடிய ட்ரெட் ஸ்கொட் என்ற அடிமையிடம், ஆப்பிரிக்க வழிவந்தவர் குடிமகனாகவே முடியாது, ஆகவே வழக்காடும் தகுதியும் உமக்கு இல்லை என்றது 1857ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வேதமும் அதற்குத் துணைக்கு இழுக்கப்பட்டது. நோவா இட்ட சாபத்தைக் காட்டி அடிமைமுறையைத் தெற்கத்திப் போதகர்கள் பலர் நியாயப்படுத்தினர். இந்தத் தகராறில் 1845இலேயே பாப்திஸ்து திருச்சபை வடக்கு, தெற்கு என்று பிளந்தது. ஒரே கடவுளைத் தொழுதுகொண்டு ஒரே வேதத்தைப் படித்த இரு தரப்பும் 1861இல் போரில் இறங்கின. நான்கு ஆண்டுகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

1868இல் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் நிறைவேறியது. அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் சட்டத்துக்கு உட்பட்டவர் அமெரிக்கக் குடிமகன் என்றது அது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வொங் கிம் ஆர்க்கும் குடிமகனே என்று 1898இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கொடுமை என்னவென்றால், அந்த மண்ணின் ஆதிக்குடிகள் எல்லோருக்கும் குடியுரிமை கிடைக்க 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இலங்கை எதிர்த்திசையில் நடந்தது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மறுவருடம் வந்த குடியுரிமைச் சட்டத்துக்கு இங்கே பிறந்திருப்பது மட்டும் போதவில்லை. தகப்பன் பிறந்ததும் இங்கேதான் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்து லயத்திலேயே கண்மூடிய தலைமுறைகளிடம் அதற்கான பத்திரம் ஏது? வாக்குரிமையும் போனது. இதை எதிர்த்துக் கோடக்கன் பிள்ளை நடத்திய வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. பங்கிடப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

ஒரு மண் எதனால் ஒருவருக்கு உரியதாகிறது? பிறப்பால் என்றால், கடல் தாண்டி வந்து காடழித்த முதல் தலைமுறைக்கு அங்கே இடமில்லை. வம்சத்தால் என்றால், எந்தத் தலைமுறையோடு எண்ணிக்கையை நிறுத்துவது என்பதை அதிகாரத்தில் இருப்பவரே தீர்மானிப்பார். உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் என்றார் ஆங்கிலத் தத்துவவாதி ஜோன் லொக். அவர் வாதத்தைக் கூலிக்கு உழைத்தவர்களுக்கும் நேர்மையாகப் பொருத்தியிருந்தால் மலைநாட்டின் காணி உறுதிகளை வேறு பெயர்களில் எழுதியிருக்க வேண்டும். 1892இல் காலமான டெய்லருக்குக் கண்டி மஹய்யாவ மயானத்தில் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. தேயிலைச் செடிக்கடியில் புதைந்த தொழிலாளர்களுக்கோ பெயர்ப்பலகைகூட இல்லை.

குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003இல் சட்டம் வந்தது. ஆனால் குடியுரிமை வேறு, குடியிருக்கும் நிலம் வேறு. அமெரிக்காவிலும் 1865இல் விடுதலை பெற்றோருக்கென ஒதுக்கிய கரையோர நிலங்களை, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் பழைய எசமானர்களிடம் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். கறுப்பினத்தவர் பலர் பிறர் நிலத்தில் வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கினர். அந்தப் பாடத்தை மலையகம் இன்னொரு முறை படிக்க வேண்டியதில்லை. தோட்டக் குடும்பங்களுக்கு அரசு தந்த ஏழு பேர்ச் காணி என்ற வாக்குறுதி, லயத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரிலும் உறுதிப்பத்திரமாகக் கைக்கு வர வேண்டும்.