பாடல் பெறாத அருவி: புலம்பெயர் சைவமும் கிரெடிட் ஆறும்

பிறம்ரன் நகருக்கு வடமேற்கே, கலிடன் குன்றுகளிடையே, கிரெடிட் ஆற்றின் கிளைகள் கூடும் இடத்தையொட்டி ஒன்ராறியோ அரசு 1985இல் நிறுவிய மாகாணப் பூங்கா அமைந்துள்ளது. மேலே கடினமான டொலமைற் பாறையும் கீழே எளிதில் அரிபடும் களிப்பாறையுமாக அடுக்கப்பெற்று, கீழடுக்குக் கரையக் கரைய மேலடுக்கு செங்குத்தாக நிலைபெறும் நயாகரா மலைவிளிம்பு இங்கு ஆற்றைக் குறுக்கிடுவதால், கற்றரக்ட் என்னும் அருவி உண்டாகிறது. இதனைக் காணக் காட்டுவழி நடந்து செல்லும் தமிழ்ச் சைவர் முன்னே சமயம் சார்ந்த வினா ஒன்று நிற்கிறது: மூர்த்தி எழுந்தருளப்பெறாத, நாயன்மார் பாடாத, முன்னோர் அறியாத காட்டையும் நீரையும் புனிதமானவை எனக் கொள்ளலாமா?

கொள்ளலாகாது என்பார்க்கு வலுவான சான்று உண்டு. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே சிறந்து விளங்கும் இடமே திருத்தலம் என்பது மரபு. குற்றாலத்து அருவி வெறும் நீர்வீழ்ச்சியாக நில்லாமல் தீர்த்தமாக மதிக்கப்படுவதற்கு அங்குள்ள குற்றாலநாதர் கோயிலும் அத்தலத்தின் பாடல்களும் காரணங்களாகும். எனினும், அதே குற்றாலத்தில் ஞானசம்பந்தர் கோயிலைப் பாடியதோடு அமையாது, குறும்பலா எனப்படும் பலாமரத்தைத் தலமாகக் கொண்டு தனிப் பதிகமும் பாடியிருப்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்கும் முற்பட்ட தொல்காப்பியம் காட்டிற்கு மாயோனையும் மலைக்குச் சேயோனையும் தெய்வங்களாகக் கூறும்போது, குறிப்பிட்ட ஒரு காட்டையோ மலையையோ பெயர் சுட்டாமல், நிலத்தின் இயல்பையே அடிப்படையாகக் கொள்கிறது.

இவ்விரு நிலைகளையும் இணைத்துக் காண மெய்கண்டாரின் சிவஞானபோதம் வழிவந்த சித்தாந்தம் துணைசெய்கிறது. நிலம், நீர், தீ, வளி, வெளி, ஞாயிறு, திங்கள், உயிர் ஆகிய எட்டும் சிவனின் திருமேனி என்பது அட்டமூர்த்தக் கொள்கை. ஆயினும் நீரே சிவன் என்று சித்தாந்தம் சொல்வதில்லை. உடலோடு உயிர் வேறறக் கலந்து நின்றும் உடலே உயிராகிவிடாதது போல, இறைவன் உலகோடு கலந்தும் அதனின் வேறாயும் நிற்கிறான் என்பதே அதன் முடிபு. மேலும், உடலும் கருவிகளும் உலகும் நுகர்பொருள்களும், அதாவது தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும், உயிர் பக்குவமடைவதற்காக இறைவனால் மாயையிலிருந்து தோற்றுவித்து அளிக்கப்பட்டவை என அது கூறுகிறது. ஆகவே காடு வழிபடு கடவுளும் அன்று, மனிதன் விரும்பியவாறு செலவழிக்கும் உடைமையும் அன்று; அது பெற்றுக்கொண்ட உயிரிடம் பணிவை வேண்டி நிற்கும் அருட்கொடை.

கிரெடிட் ஆற்றங்கரைக்குச் சமயப் பொருள் அளிக்கப் புலம்பெயர்ந்தோர் வரவேண்டியிருந்ததும் இல்லை. இன்றைய பிறம்ரனை உள்ளடக்கிய பெருநிலப்பரப்பு 1818ஆம் ஆண்டின் அஜெற்றான்ஸ் ஒப்பந்தத்தின் வழியாகப் பிரித்தானிய அரசிடம் செல்லும்வரை மிசிசாகா மக்களின் வாழ்நிலமாக இருந்தது. அவர்கள் 1847இல் இவ்வாற்றங்கரையை விட்டுத் தென்மேற்கே குடிபெயர நேர்ந்தது. அவர்கள் சார்ந்த அனிசினாபே இனத்தார், நீரிலும் மரத்திலும் கல்லிலும் மனிடூ எனப்படும் ஆவியாற்றல் உறைவதாகக் கருதி, இயற்கையிடமிருந்து ஒன்றைப் பெறுமுன் புகையிலையைக் காணிக்கையாக இட்டு நன்றி கூறும் மரபினர். நிலத்தை இழந்த துயர் அறிந்த ஈழத்தமிழர், இம்மக்களின் தெய்வ உணர்வை மறைத்துவிட்டு அதே ஆற்றிற்கு மாணிக்க கங்கை என்றோ காவிரி என்றோ புதுப்பெயர் சூட்டுவது அறமாகாது.

யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்திற்குக் காட்டுவழியே கால்நடையாகச் செல்லும் அடியார்கள் எளிய உணவையும் அடக்கத்தையும் விரதமாகக் கொள்கின்றனர். புலம்பெயர்ந்தோர் கொண்டுசெல்லத் தக்கது தலத்தின் பெயரன்று, இவ்வொழுக்கமே. பூமாலை, தேங்காய், துணி, எண்ணெய் ஆகியவற்றை நன்னீர் மீன்கள் வாழும் ஆற்றில் விடுவது பத்தியின் பெயரால் நேர்ந்தாலும், சிவனின் திருமேனி எனக் கூறப்பட்ட நீருக்கே செய்யும் தீங்காகும். பாடல் பெறாத அருவியும் புனிதமானதே. அப்புனிதத்தை ஏற்றுக்கொள்ளும் சைவர், குறித்த பாதையை விட்டு விலகாது நடந்து, நீரில் எதனையும் இடாது, கரையிலிருந்து எதனையும் எடுக்காது, மனத்தால் வணங்கித் திரும்புதலே அங்குச் செய்யத்தக்க முறையான வழிபாடாகும்.