பொதுக் குளத்து மீன் யாருக்குச் சொந்தம்?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றிலும், திருவள்ளூர் வட்டாரம் முழுவதிலும் ஏரிகளும் குளங்களும் நிறைய உண்டு. ஆலை விடுமுறை நாட்களில் அவற்றின் கரைகளில் தூண்டிலும் கையுமாகப் பலர் அமர்ந்திருப்பதைக் காணலாம். "ஊர்க் குளம்தானே, யார் கேட்பது?" என்பதே இவர்களில் பலரின் வாதம். மார்க்கத்தின் பார்வையில் இவ்வாதம் செல்லுமா என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

மீன் ஹலாலான உணவு என்பதில் ஐயமில்லை. அதை அறுக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஆனால், பொருள் ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது. அது கைக்கு வந்த வழியும் ஹலாலாக இருக்க வேண்டும். தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் யாவரும் பங்காளிகள் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஆகவே, பொது நீர்நிலையில் தானாக வளரும் மீன், பிடிபடும் வரை எவருக்கும் உடைமையன்று. பிடித்தவருக்கே அது உரியது.

எனினும், பொது என்றால் வரைமுறையற்றது என்று பொருளல்ல. அருகிலுள்ள பழவேற்காடு ஏரியைப் பாருங்கள். அங்கு மீனவர்கள் 'பாடு' என்னும் வழக்கப்படி, இன்ன இடத்தில் இன்னார் வலையிடுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். பங்காளி என்ற சொல்லிலேயே பிறர் பங்கை மதிக்கும் கடமையும் அடங்கியிருக்கிறது.

நம் ஊர்க் குளங்கள் பலவற்றை ஊராட்சிகள் 'மீன்பாசி குத்தகை'க்கு ஏலம் விடுகின்றன. நீரிலுள்ள, இன்னும் பிடிபடாத மீனை விற்பது செல்லாது. அதில் ஏமாற்றத்திற்கு இடமுண்டு என்பது சட்ட மேதைகளின் கருத்து. இத்தகைய நீர்நிலைகளைக் குத்தகைக்கு விடுவது பற்றி, தடுத்தோர் கூற்றையும் அனுமதித்தோர் கூற்றையும் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தமது 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்துள்ளார்கள். ஆயினும், இந்தக் கருத்து வேறுபாடு தூண்டில்காரருக்கு அனுமதிச் சீட்டாகிவிடாது. குத்தகைப் பணம் ஊர்ப் பொதுவுக்குச் சேர்வது. அந்த ஏற்பாட்டை மறைவாக மீறுகிறவர் குத்தகைதாரருக்கு மட்டுமல்ல, ஊருக்கே தீங்கிழைக்கிறார். மேலும், குத்தகைதாரர் தம் காசில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டுத் தீவனமும் போட்டிருந்தால், அவை ஐயத்திற்கிடமின்றி அவருடைய உடைமை. அவற்றைக் கேளாமல் எடுப்பது திருட்டன்றி வேறென்ன?

"நான் பிடிப்பது ஜிலேபிக் கெண்டை; அதை அவர் விடவில்லையே!" என்று சிலர் கேட்கலாம். 1952ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன், இன்று எந்தக் குளத்திலும் தானாகவே பெருகுவது உண்மைதான். ஆனால், தானாக வந்த மீனாயினும், அது வெளியேறாதபடி நீர்வழியை அடைத்துக் காப்பவருக்கு அதில் உரிமை உண்டு என்பது ஹனஃபி சட்ட நூல்களில் காணப்படும் விளக்கம். கலங்கலில் வலை கட்டியிருப்பவரின் நிலை இதுவே. அன்றியும், தூண்டில் முள்ளுக்குக் கெண்டை எது, கட்லா எது என்று தெரியுமா? சந்தேகமானவற்றை விட்டு விலகுபவரே தம் மார்க்கத்தைக் காத்துக்கொள்கிறார். "பிடிக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். அப்படிக் கேட்பதில் என்ன கெளரவக் குறைவு?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விரால் பிடிக்க உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து விடும் வழக்கம் உண்டு. மருந்து செய்வதற்காகத் தவளையைக் கொல்லலாமா என்று வைத்தியர் ஒருவர் கேட்டபோதே நபி (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள் என்ற அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. மருந்துக்கே ஆகாதது இரைக்கு ஆகுமா? உயிருள்ளவற்றை அம்பெய்யும் இலக்காக வைப்பதையும் அவர்கள் தடுத்தார்கள். உண்ணும் எண்ணமின்றி, பொழுதுபோக்கிற்காக மட்டும் மீனின் வாயைக் கிழித்து மீண்டும் நீரில் எறிவோர் இதனைச் சிந்திக்கட்டும்.

தூண்டில்காரரை மட்டும் கண்டித்து நிறுத்திவிடுவதும் நீதியாகாது. அவர் எடுப்பது நான்கு மீன்கள். ஆலைக் கழிவை இரவோடிரவாகக் குளத்தில் திறந்துவிடுபவர் எவராயினும், அவர் அழிப்பது இருக்கும் மீனையும் இனி வளரப்போகும் மீனையும். ஏலமும் எடுக்காமல், வலையும் வீசாமல், அத்தனை பங்காளிகளின் பங்கையும் அவர் ஒருவரே பறித்துக்கொள்கிறார். அந்த ஆலையில் பணிபுரியும் நம்மவர், தமக்குத் தெரிந்தும் வாய் மூடியிருந்தால், அவருக்கும் மறுமையில் கேள்வி உண்டு.

பிறர் பங்கைத் தீண்டாத உணவை நமக்கும் நம் மக்களுக்கும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.