பிரமாதமும் விழாவும்

பேச்சு வழக்கில் "விழா பிரமாதமாக நடந்தது" என்றால் மிகச் சிறப்பாக நடந்தது என்று பொருள். நம் சமய நூல்களிலோ பிரமாதம் என்னும் சொல் விழிப்பின்மையைக் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரே நிகழ்ச்சிக்குப் பொருந்தி நின்றதை நாம் 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது கண்டோம்.

அவ்வாண்டு மார்ச் 22 அன்று மாலை 5 மணிக்கு, அவரவர் வாயிலிலும் மாடத்திலும் நின்று மருத்துவப் பணியாளர்களுக்குக் கைதட்டி நன்றி கூறுமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். சில ஊர்களில் மக்கள் தட்டும் கரண்டியுமாகத் தெருவில் திரண்டு ஊர்வலமே சென்றுவிட்டனர். ஏப்ரல் 5 அன்று இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றச் சொன்னபோதும் வெடி வெடித்துக் கூடிக் களித்த தெருக்கள் உண்டு. அதற்கு மறுநாள்தான் மகாவீரர் ஜெயந்தி. ஊர்வலங்கள் நின்றன. சிராவகர்கள் இல்லத்தில் இருந்தபடியே பகவானைத் துதித்தனர்.

"கூடினோம், உண்மைதான். எங்கள் தெருவில் எவருக்கும் நோய் வரவில்லையே! பின் இதில் பாவம் எங்கே வந்தது?" என்று வினவுவோர் இன்றும் உளர். இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட இயலாது. தனித்திருந்த முதியவருக்கு அண்டை வீட்டாரின் பாட்டொலியும் ஒரு மருந்தே அன்றோ?

உமாஸ்வாமி ஆச்சாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, உயிர்க்கேட்டோடு பிரமாதத்தையும் சேர்த்தே வைத்தார். அமிர்தசந்திர ஆச்சாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனை மேலும் விரித்துரைக்கிறார். விழிப்பின்றி நடப்பவனிடத்தில், உயிர் மடிந்தாலும் மடியாவிட்டாலும் ஹிம்சை உண்டு. நிலம் நோக்கி விழிப்போடு நடக்கும் முனிவரின் அடிக்கீழ் ஓர் உயிர் தற்செயலாக மடிந்தாலும் அது ஹிம்சையாகாது என்பது அவர் கருத்து. எனவே எவருக்கும் நோய் வராமற்போனது விடையாகாது. இந்நோயோ அறிகுறி தோன்றுமுன்னரே பிறரைப் பற்றக்கூடியது. "நான் நலமாக இருக்கிறேன்" என்பதும் போதிய சான்றன்று.

அவ்வாறாயின் வாழ்நாள் முழுவதும் எவரையும் அணுகாமல் இருப்பதா? இல்லறத்தாருக்கு அத்தகைய கடமை விதிக்கப்படவில்லை. அவர்களுடையது அணுவிரதம். வீடு, தெரு, ஊர் என ஓர் எல்லையைக் குறித்துக்கொண்டு, குறித்த காலம் வரை அதனைக் கடவாதிருக்கும் தேசாவகாசிகம் என்னும் விரதமும் அவர்களுக்கென்றே கூறப்பட்டுள்ளது. மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் மிகும் என்று முனிவர்கள் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவதும் இக்கருத்துப் பற்றியதே. ஊரடங்கு அரசாணையாக வந்தது. அதனை விரதமாக ஏற்பதோ சிறையாகக் கருதுவதோ நம் கையில் இருந்தது.

இனி, நம் சிந்தனைக்கு உரிய மற்றொரு பக்கமும் உண்டு. விலகி நின்றவர் அனைவரும் அகிம்சையாளர் என்று சொல்வதற்கில்லை. அதே ஏப்ரலில், சென்னையில் இந்நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. பின்னர் நோயாளி இருந்த சில வீடுகளின் வாயில்கள் தகரத்தால் அடைக்கப்பட்டன. குணமடைந்து திரும்பியவரைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்ட தெருக்களும் உண்டு. "சமூக இடைவெளி" என்ற சொல்லே நம் நாட்டுக்குப் பொருந்தாத சொல் என்பது நம் கருத்து. சமூகத்தில் இடைவெளி இங்கே முன்னரே வேண்டிய மட்டும் இருக்கிறது. வேண்டியிருந்தது உடல்களுக்கு இடையே ஆறடி மட்டுமே. அச்சமும் அருவருப்பும் நோகஷாயங்கள் ஒன்பதில் அடங்கும் என்பதைச் சிராவகர்கள் அறிவர். மயிற்பீலி கொண்டு முனிவர் எறும்பை விலக்குவது எறும்பின்மேல் கொண்ட வெறுப்பால் அன்று.

நோயுற்ற வீட்டின் வாயிற்படியில் உணவுப் பாத்திரத்தை வைத்துவிட்டு, ஆறடி தள்ளி நின்று, "அம்மா, கஞ்சி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று குரல் கொடுத்து, கதவு திறக்கும் வரை காத்து நின்றவர்களும் அந்நாட்களில் இருந்தனர்.