ஒடுங்குதலும் ஒடுக்கப்படுதலும்

தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் ‘ஞான ஒடுக்கம்’ என்றொரு சொல் உண்டு. வேலை வெட்டி எல்லாவற்றையும் விட்டு, பேச்சையும் நிறுத்தி, சில நாட்கள் தியானத்தில் இருப்பது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதைக் கேட்டதும் இலக்கணம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஒடுங்குவது தன்வினை. ஒடுக்குவது பிறவினை. ஒடுங்குகிறவனும் ஒடுக்கப்பட்டவனும் ஒரே வேரிலிருந்து வருகிறார்கள். முன்னவன் தானாகப் போய் உட்காருகிறான். பின்னவனை உட்கார வைத்திருக்கிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் ஓர் ஆன்மீகம் இருக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

எட்டு நாள் ஒடுக்கத்துக்குப் போகிறேன் என்றதும் தோழர்கள் சிரித்தார்கள். “என்ன தோழர், சாமியாராப் போறீங்களா?” சிரிக்கட்டும். ஒரு வன்கொடுமை வழக்குக்காக இரண்டு வருஷம் கோர்ட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைந்து, சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்ந்து, வழக்கு தோற்றுப்போயிருந்தது. தூக்கம் போயிருந்தது. கூட்டம் போட்டுப் பேசித் தீர்க்க முடியாத ஏதோ ஒன்று உள்ளே கிடந்தது. அதைப் பேச இயக்கத்தில் நமக்கு மொழி இல்லை. பேசினால் தனிமனிதவாதம் என்பார்கள். ஞானஸ்நானம் பெற்றவன்தான் நான், பூசைக்குப் போவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. போனேன்.

அங்கே கொடுத்தது இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள். ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் 1491இல் பிரபு வீட்டில் பிறந்தவர். 1521இல் பம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்தது. மறுவருஷம் மன்ரேசா என்கிற ஊரில் பல மாதம் தங்கி, தனக்குள் நடந்ததைக் குறித்துவைக்கத் தொடங்கியதிலிருந்து உருவான புத்தகம் இது. பாப்பரசர் மூன்றாம் பவுல் 1548இல் இதை அங்கீகரித்தார். படித்து ரசிக்கிற புத்தகமல்ல, செய்து பார்க்கிற கையேடு. முழுசாகச் செய்தால் சுமார் 30 நாள், நான்கு வாரம். முதல் வாரம் பாவமும் நரகமும். பிறகு இயேசுவின் வாழ்வு, பாடுகள், உயிர்ப்பு.

கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்காரச் சொல்லவில்லை இஞ்ஞாசியார். முதலில் இடத்தைக் கட்டு என்கிறார். பெத்லகேமுக்குப் போகிற பாதை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமதளமா மேடுபள்ளமா. குகை உயரமா தாழ்வா. பிறகு ஐம்புலனையும் கொண்டுபோய் அந்த இடத்தில் வை என்கிறார். இது எனக்குப் பிடித்தது. தன் சேரியைப் பற்றி எழுத உட்காருகிற நம் ஆட்கள் எல்லாரும் செய்வது இதைத்தானே.

இடறியது நரகத் தியானத்தில். கண்ணால் நெருப்பைப் பார்க்கணும், காதால் அலறலைக் கேட்கணும், மூக்கால் புகை, கந்தகம், சாக்கடை, அழுகல் எல்லாம் முகரணும். எங்கம்மா நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது, 2013இல் இன்னொன்று. குழிக்குள் ஆள் இறங்குவதும் சாவதும் நிற்கவில்லை. 16ஆம் நூற்றாண்டுப் பிரபு மெனக்கெட்டுக் கற்பனை செய்யவேண்டியிருந்த நாற்றம், எங்கள் வீட்டுக்குள் சாயங்காலம் அம்மாவின் சேலையோடு நடந்து வரும். அந்த வீட்டுப் பிள்ளையிடம் இதைப் பாவத்தின் தண்டனையாக நினைத்துப்பார் என்றால் எந்தப் பாவத்தை நினைப்பது? முற்பிறவிக் கணக்குச் சொன்னவர்களிடமிருந்து தப்பித்துத்தானே எங்கள் பாட்டன் வேதத்தில் சேர்ந்தார்.

இதைவிடப் பெரிய முடிச்சு அஸ்திவாரத்திலேயே இருக்கிறது. நோயைவிட ஆரோக்கியம், வறுமையைவிடச் செல்வம், அவமதிப்பைவிட மரியாதை என்று எதையும் விரும்பாத ஒரு சமநிலைக்கு மனசு வரணும். அப்புறம் இன்னும் ஒரு படி. கிறிஸ்து வறுமையும் அவமானமும் பட்டார் என்பதற்காகவே அவற்றை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுப்பது. தாழ்ச்சியின் மூன்றாம் வகை என்று இதற்குப் பெயர், உச்சமும் இதுதான். தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் கையில் இரண்டு இருக்கணுமே. மரியாதை என்று ஒன்றைப் பார்த்திராதவன் எதை விட்டுக்கொடுப்பது?

இதற்குப் பதில் இஞ்ஞாசியார் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1522 மார்ச்சில், மொன்செராட் மலையில், தன் விலையுயர்ந்த உடைகளைக் கழற்றி ஒரு பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிட்டுச் சாக்குத்துணி உடுத்திக்கொண்டார். வாளையும் குறுவாளையும் மாதா பீடத்தில் விட்டுவிட்டு விடியற்காலையில் கிளம்பினார். கொஞ்ச தூரம் போனதும் ஒருவன் பின்னால் ஓடி வந்து, அந்த உடைகளை நீங்கள்தான் கொடுத்தீர்களா என்று கேட்டான். திருடிவிட்டான் என்று அந்த ஏழையைப் பிடித்துத் தொல்லைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். இஞ்ஞாசியாருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிற்காலத்தில் தன் கதையைச் சொல்லும்போது இதை அவர் மறைக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் பாருங்கள், சாக்குத்துணி போட்ட பிரபுவை யாரும் பிடிக்கவில்லை. பட்டுத்துணி போட்ட ஏழையைப் பிடித்தார்கள். ஒருவன் துறந்தது இன்னொருவன் உடம்பில் திருட்டாகிவிட்டது.

நம் மண்ணில் அவருடைய சபையார் செய்த துறவு இன்னும் விசித்திரம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி ஐரோப்பிய வேஷத்தைத் துறந்து பிராமண சன்னியாசி ஆனார். துறவு மேல்நோக்கிப் போனது! மற்றச் சாதிகளுக்குப் பிறகு பண்டாரசாமிகள் வந்தார்கள். 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் பறையருக்கென்றே தனிக் குருக்கள் என்று ஏற்பாடானது. பற்றறுக்கும் பயிற்சியை முடித்துவிட்டு வந்தவர்களுக்கும் சாதியை அறுக்க முடியவில்லை.

தியானம் கொடுத்த வயசான குருவிடம் கேட்டேன். “ஃபாதர், அவமானத்தை ஆசைப்பட்டுக் கேக்கணுமாம். எங்க சனத்துக்குக் கேக்காமலே கிடைக்குதே, அதை என்ன பண்றது?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அந்தத் தியானம் உனக்கு வேணாம் தம்பி. விட்டுரு.”

ராத்திரி கோபம் வந்தது. ஆளின் வயசு, படிப்பு, திறமை பார்த்துக் கொடு, தாங்காதவனுக்கு ஏற்றாதே என்று 18ஆம் முன்குறிப்பு சொல்கிறது. நான் தாங்காதவனா? இங்கேயும் தனிக் குவளையா? ஆனால் 15ஆவது குறிப்பு வேறு மாதிரிப் பேசுகிறது. கொடுப்பவர் தராசு முள் மாதிரி நடுவில் நிற்கணும். படைத்தவரும் ஆளும் நேராகப் பேசிக்கொள்ளட்டும், குறுக்கே போகாதே. குருவை நகர்ந்துகொள்ளச் சொல்கிற குறிப்பு! காலையில் போய், “எதை விடணும்னு நானே முடிவு பண்ணிக்கிறேன் ஃபாதர்” என்றேன். “அதுவும் சரிதான்” என்றார்.

அந்தத் தியானத்தையே செய்தேன். கோர்ட் வராந்தாவைத்தான் இடமாகக் கட்டினேன். எதிர்த்தரப்பு ஆள் என் சாதியைச் சொல்லித் திட்டியது, உடனிருந்தவர்கள் சிரித்தது. மெல்ல ஒன்று பிரிந்து தெரிந்தது. பிறப்பால் வருகிற அவமானம் வேறு. அதை எதிர்த்து நின்றதால் வருகிற அவமானம் வேறு. 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கரோடு அள்ளிக் குடித்தவர்கள் அடி வாங்கினார்கள். அந்த அடியும், வழக்கமாக விழுந்த அடியும் ஒன்றா? முதலாவதை ஏற்பது அடிமைத்தனம். இரண்டாவதைத் தெரிந்தே ஏற்கலாம். சிலுவையும் இந்த இரண்டாவது வகைதான் என்று எனக்குப் படுகிறது. கையேட்டில் இந்தப் பிரிவினை இல்லை. பிரபுவுக்கு முதல் வகை அவமானம் பழக்கமில்லையே, எப்படி எழுதுவார்? தோற்ற வழக்கை நினைத்து அன்றைக்குத்தான் அழுதேன்.

கடைசியாகப் பெத்லகேம். சூசையப்பரும் மாதாவும் போகிற வழியில் ஒரு வேலைக்காரியையும் ஒரு மாட்டையும் கூடச் சேர்த்திருக்கிறார் இஞ்ஞாசியார். சுவிசேஷத்தில் அப்படி ஒருத்தி இல்லை. வேலைக்காரி இல்லாத பயணம் பிரபு வீட்டுப் பிள்ளைக்குத் தோன்றவில்லை போல. குகைக்குள் உன்னை ஒரு சின்ன அடிமையாக நினைத்துக்கொண்டு நின்று சேவகம் செய் என்கிறார். என்னால் அது ஆகவில்லை. பெயரில்லாத அந்த வேலைக்காரி பக்கத்தில் போய் நின்றேன். ஒரு மணி நேரம் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். மாதா கழுதைமேல் போகிறார், இந்தப் பெண்ணும் கூட வருகிறாள் என்று. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“அந்தப் புள்ள நடந்தா வந்துச்சு?”

“நடந்துதான்.”

“செருப்பு இருந்துச்சா?”

அதை நான் பார்க்கவில்லை.