படுக்கை வெட்டிக் கொடுத்தவர்

அண்ணன் மகனுக்குப் பதினாறு வயது. போன மாதம் நான் அன்னவாசல் போன அன்று அவன் பையில் பீர் பாட்டில் அகப்பட்டு வீட்டில் ஒரே ரகளை. அண்ணன் கத்தி ஓய்ந்தபின் என்னிடம் கேட்டான்: "எல்லாரும் குடிக்காதன்னு சொல்றீங்க சித்தப்பா. பரீட்சைய நெனச்சு ராத்திரி தூக்கம் வரலன்னா யார்ட்டப் போறது?"

என்னிடம் தகவல்கள் இருந்தன. 21 வயதுக்குக் கீழே மது விற்பதே குற்றம். மது தூக்கத்தைச் சீக்கிரம் கூட்டிவரும், பின்னிரவில் கலைத்துவிடும். போதை இறங்கும்போது பதற்றம் கூடும். எல்லாம் சரிதான். ஆனால் அவன் கேட்டது குடி கெடுதலா என்று இல்லையே. எங்கே போவது என்றுதானே?

மறுநாள் இருவரும் பக்கத்திலுள்ள சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக்கு ஏறினோம். சமணத் துறவிகள் தங்கிய குகை. வழவழப்பான 17 கல் படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. துறவு என்பது தனி ஆளின் மனவுறுதி என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே படுக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றிலுள்ள, ஈராயிரம் ஆண்டுப் பழமையான தமிழ் பிராமிக் கல்வெட்டு, குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இளையர் என்பவர் அதைச் செய்து கொடுத்ததாகச் சொல்கிறது.

எல்லாவற்றையும் விட்டவருக்கும் படுக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அதை இன்னொருவர் வெட்டிக் கொடுத்தார்.

அப்படியானால் பையனுக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. கல்லில் படுப்பது துறவியின் வேலை. அவருக்காக வேறு யாரும் படுக்க முடியாது. ஆனால் கல்லை வெட்டாமலே "போய்ப் படு" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? மனவுறுதி இல்லை என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். திட்டு விழும் என்று தெரிந்தால் அவர்கள் நம்மிடம் வருவதில்லை, பாட்டில் திட்டாது.

இறங்கும்போது ஒரு ஒப்பந்தம் போட்டோம். எந்த நேரமும் கூப்பிடலாம். அன்று ராத்திரி திட்டு கிடையாது, பேச வேண்டியதை விடிந்தபின் பேசிக்கொள்ளலாம். என்னிடம் சொல்ல முடியாததற்கு 14416. அரசின் டெலிமனஸ் இலவச மனநல உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். அண்ணனையும் இதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

போன வாரம் ராத்திரி ஒரு மணிக்குப் போன் அடித்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல சித்தப்பா. தூக்கம் வரல."

அரை மணி நேரம் கிரிக்கெட் பேசினோம். பரீட்சையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.