கஞ்சணம்

ஏரலிலிருந்து தாமிரபரணியின் கரையை ஒட்டி மேற்கே சென்றால், சீவலப்பேரிக்கு அருகில் மருகால்தலை என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்ப் பூவிலுடையார் மலைக் குகையில் துறவியர்க்கெனக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. மேலே, பாறையின் நெற்றியில், ஒருவரித் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. அது 1906ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. காலம் ஏறத்தாழக் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பர்.

இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி யாதென முதலில் தெளிவாகவில்லை. அது தமிழே என்பதை 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். வெண்காசிபன் என்பான் கொடுப்பித்த கல் 'கஞ்சணம்' என்பதே அவ்வரியின் செய்தி.

கஞ்சணம் என்றால் என்ன? பள்ளி என்னும் சொல் துறவியர் உறைவிடத்தைக் குறித்துப் பின்னர்க் கல்விக்கூடத்திற்கும் பெயராகி இன்றும் வாழ்கின்றது. கஞ்சணமோ வழக்கொழிந்தது. ஆயினும் அதன் பொருளை அறிய அறிஞர் நெடுந்தொலைவு தேட வேண்டியதில்லை. எழுத்தின் கீழேயே படுக்கை கிடக்கின்றது. சொல் மறைந்தும், செய்த அறம் நின்று அச்சொல்லுக்குப் பொருள் உரைக்கின்றது.

'கொடுப்பித்த' என்பதும் எண்ணத்தக்கது. அது பிறவினை, கல்லை வெட்டிய கைகள் வேறு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகையால் உயிரைச் சாரும் என்பது நம் ஆகமக் கொள்கை. பெயர் பொறித்தவன் செய்வித்தவன். உளி பிடித்தவர் பெயரின்றியே செய்தவர். அக்கல்லில் துயின்ற முனிவர் பெயரும் அங்கில்லை; தமது என ஒன்றையும் கொள்ளாதவர்க்கு அது தகும்.

உணவு, மருந்து, உபகரணம், உறையுள் என இல்லறத்தார் ஈயத்தக்கவை நான்கென ஸமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் வகுத்தார். அவருக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே பொருநைக் கரையில் ஒருவன் உறையுள் ஈந்துள்ளான்.

இனி நம்மை நாமே வினவிக்கொள்ளல் வேண்டும். கொல்லாமை, தயை, தானம் ஆகிய சொற்களை நாள்தோறும் ஓதுகின்றோம். அவை அருஞ்சொற்கள் அல்ல, குழந்தைகளும் அறிவர். ஒருகால் அகராதிகள் யாவும் அழிந்து, இச்சொற்கள் மட்டும் நம் வீட்டு வாயிலில் பொறிக்கப்பட்டு எஞ்சுமாயின், பின்வருவோர் நம் வாழ்வைக் கண்டு அவற்றின் பொருளை அறிய இயலுமா? இயலாதெனில், வழக்கொழிந்த கஞ்சணத்தினும் அவையே பொருளிழந்த சொற்களாம். ஆதலின், நாம் ஓதும் சொல் ஒவ்வொன்றின் கீழும், பிறர் கண்டறியுமாறு, ஓர் அறமேனும் நிற்கச் செய்வோமாக.