கை பட்ட இடம்

பொய் சொல்வதற்கு வாய் வேண்டும் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். வாயை மூடிக்கொண்டே அந்தக் காரியத்தைச் செய்யலாம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது, எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரு படம்.

ஆற்றங்கரை, இரண்டு தென்னை மரங்கள், கரையில் கட்டிய ஓடம். கான்வாஸ் துணியில் இயந்திரம் அச்சிட்ட படம் அது. அதன்மேல் ஒரு சித்திரக்காரர், தண்ணீரின் பளபளப்பிலும் ஓலை நுனியிலும் அங்கங்கே வர்ணம் தொட்டு வைத்திருக்கிறார். விரலால் தடவினால் மேடு தட்டும். கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. 'அச்சுப் படம், கையால் மெருகு செய்தது' என்று சீட்டு எழுதியே கொடுத்தார். சீட்டு மேஜை அறைக்குள் போயிற்று. படம் சுவருக்குப் போயிற்று.

ஒரு நாள் வந்த நண்பர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அருகில் போய்த் தொட்டுப் பார்த்தார். "ஆயில் பெயின்டிங்கா ஸார்? நல்ல விலை ஆகியிருக்குமே!" என்றார். நான் சிரித்தேன். ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இந்த அச்சு முறைக்கு 'ஜிக்ளே' என்று பெயர். மையை நுண்துளிகளாகப் பீச்சித் தெளிக்கும் முறை. கலிபோர்னியாவில் பாடகர் கிரஹாம் நாஷ் தொடங்கிய அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த ஜாக் டுகான், 1991-ல் பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து இந்தப் பெயரை உண்டாக்கினார். 'இங்க்ஜெட்' என்றால் ஆபீஸ் காகிதம் அல்லவா நினைவுக்கு வரும்? பெயர் வைக்கும்போதே கொஞ்சம் கூச்சம் இருந்திருக்கிறது. அதே மாகாணத்து ஓவியர் தாமஸ் கின்கேட் (1958–2012), தம் படங்களைக் கான்வாஸில் பதிப்பித்து, பயிற்சி பெற்ற ஆட்களைக் கொண்டு ஒளிப்புள்ளிகள் வைக்கச் செய்து, ஏராளமாக விற்றார்.

அச்சில் குற்றம் உண்டா? நானே அச்சினால் பிழைப்பவன். என் நாவலின் ஆயிரமாவது பிரதியை வாங்கியவரிடம், 'இது அசல் அல்ல' என்று யாரும் சொல்வதில்லை.

கையில் குற்றம் உண்டா? ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் ஏற்படுத்தி, லக்ஷ்மியையும் ஸரஸ்வதியையும் வீடு வீடாக அனுப்பினார். அந்தப் படங்களுக்குப் பாட்டிமார் ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டி அலங்காரம் செய்தார்கள். அதைப் பார்த்து, ரவி வர்மாவே ஜரிகை தைத்தார் என்று யார் ஏமாறப் போகிறார்கள்? பாட்டியின் கை தன்னைத் தானே காட்டிக்கொண்டது. என் படத்தில் உள்ள கையோ, வேறொருவர் கையாகத் தோன்றுவதற்கென்றே கூலிக்கு வந்தது.

"பார்ப்பவனுக்கு இன்பம் கிடைத்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதும். ஆனால் அந்த இன்பத்துக்கு என் மௌனம் தேவைப்படவில்லையே! நண்பர் ரசித்தது படத்தை. 'நல்ல விலை' என்று மதித்தது என்னை. நான் காப்பாற்றியது அந்த இரண்டாவதைத்தான்.

இன்னொன்றும் உறுத்தியது. அந்தத் துணியில் மனிதக் கை பட்ட இடம் இருபது முப்பது புள்ளிகள்தாம். நண்பருடைய விரல் தேடிப்போய் நின்றதும் அங்கேதான். கீழே உள்ள கையெழுத்தோ மூலச் சித்திரம் எழுதியவருடையது. ஒருவர் தொட்டார், ஒருவர் பெயர் பெற்றார், நான் பெருமை பெற்றேன்.

அடுத்த முறை நண்பர் வந்தபோது சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சிரித்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அவர் படித்துவிட்டு, எழுந்து போய் மறுபடியும் அந்தத் தண்ணீரைத் தடவினார்.

"அப்படியானால் இதைத் தொட்டவர் யார் ஸார்?" என்றார்.

சீட்டைத் திருப்பிப் பார்த்தோம். அந்தப் பெயரை யாரும் எழுதியிருக்கவில்லை.